நூற்றுப் பதினொரு டிக்கும் ஒரு பெருக்கல் குறியும்

1

போன வாரம் போடியிலிருந்து மலைமேல் இருக்கும் மெட்டுக்கு ஜீப்பில் போனேன். மச்சினன் கணேசன் மலையில் புதிதாக வாங்கியிருக்கும் ஏலத்தோட்டத்தை நான் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுடைய ஜீப்பு ரிப்பேரில் கிடந்ததால், தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களோடு ஏறிக்கொண்டோம். காலை ஆறரை மணி. வண்டி கிளம்புவதற்கு முன் சூப்பர்வைசர் ஒருவர், கையில் நோட்டும் காதில் பென்சிலுமாக, ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார்.

“முத்துப்பேச்சி.”

“வந்தாச்சு.”

“ஈஸ்வரி.”

“அவ வரலண்ணே. மகளுக்குக் காச்ச.”

அவர் ஈஸ்வரியின் பேருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டார். நான் அந்த நோட்டிலிருந்து கண்ணை எடுத்து, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் கணேசன் ஆரம்பித்தான்.

“இங்க எலக்சன் வந்தா ஒரு மாசம் ரோட்டுல நடக்க முடியல மாமா. மைக்கு, கொடி, வெடி, சண்ட. ஒங்க ஊர்ல எப்டி? ஒரே கட்சியாமுல்ல?”

“ஆமா மாப்ளே.”

“அதான் மாமா சரி. ஒரே கட்சி, ஒரே ஆளு, வெரசா சோலி முடிஞ்சுரும். இங்கயும் அப்டி ஒருத்தன் வந்தாத்தான் நாடு உருப்படும்.”

பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி, “வந்தா நல்லதுதான், எங்களுக்கு ஒரு நா சோலி மிச்சம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் ஜீப்பை நிறுத்தி அவனை இறக்கிவிட்டிருப்பேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்காததால்தான் இதை எழுதுகிறேன். கணேசனுக்கும், அவனைப் போல நினைத்துக்கொண்டு போடியிலும் தேனியிலும் டீ குடித்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும்.

நான் இருக்கும் ஆப்பிரிக்க நாட்டின் பேரைச் சொல்ல மாட்டேன். அங்குள்ளவர்களின் பேர்களையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுதுபவன் வீரன் இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

2

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். அங்கே போவதற்கு முன் பதினைந்து வருடம் மெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரும் என் பொறுப்பில்தான் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பச்சைக்காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி, கீழே விறகு எரித்து, குழாய்ச் சூட்டில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உலர்த்துவோம். சூடு குறைந்தால் காய் வெளுத்துப்போகும். ஏறினால் வெடித்துவிடும். நெருப்புப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு கம்பெனி என்னை மேனேஜராக அந்த நாட்டுக்கு அழைத்துப்போனது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. மலை, மழை, செடி எல்லாம் குரங்கணிக்கு மேலே இருப்பது மாதிரியேதான். மண்கூட மாறவில்லை. மாறியது ஒன்றுதான். அங்கே மனிதர்கள் பேசுவதற்கு முன் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார்கள்.

அங்கே எது வேண்டுமானாலும் வட்டாரக் கட்சிச் செயலாளரின் கடிதம் வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கடிதம். கேஸ் சிலிண்டருக்குக் கடிதம். ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கட்டில் பீரோ ஏற்றிப்போகக் கடிதம். நான் அங்கே தங்குவதற்கான பெர்மிட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கும் அவர் கடிதம். எங்கள் ஆபீஸ் சுவரில் அதிபரின் படம் மாட்டியிருக்கிறது. ஒரு நாள் செயலாளரின் ஆள் டேப்பு எடுத்து வந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தான். அரை அடி ஏற்றி மாட்டச் சொன்னான். ஏற்றினேன். ஆணி அடித்த பழைய ஓட்டை தெரியாமல் இருக்க அங்கே ஒரு காலண்டரும் மாட்டினேன்.

முதல் தடவை பெர்மிட் புதுப்பிக்கப் போனபோது நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதிகாரி ஒரு படிவத்தைப் பார்த்து, “எங்கள் அரசின் வளர்ச்சித் திட்டங்களை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டார். நான் நம்மூர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினேன். அந்த ஊரில் அப்படித் தலை ஆட்டினால் இல்லை என்று அர்த்தம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மூன்று வாரம் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. அதற்குப் பிறகு அரசாங்க ஆபீசுக்குள் நுழைந்தால் கழுத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்வேன். வாயால் மட்டும் ஆமாம் சொல்லிப் பழகிவிட்டேன். பழக்கம் என்றால் சாதாரணப் பழக்கம் இல்லை.

3

மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. அங்கே போகும்போது இரண்டு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதவும் படிக்கவும் வராது. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க நானும் என் மனைவியும் எத்தனையோ முறை முயன்று தோற்றோம். போடி பஸ் ஸ்டாண்டில் பஸ்சின் போர்டைப் பார்த்து, “இது எங்கப்பா போகுது?” என்று கேட்கிறாள். பக்கத்தில் நின்றவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

லீவுக்கு வந்த இரண்டாம் நாள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, “அந்த ஊருப் பாட்டு ஒண்ணு பாடு ஆத்தா” என்று கேட்டார்கள். பாடினாள். நல்ல குரல். எல்லாரும் கைதட்டினார்கள். கணேசன் செல்லில் ரெக்கார்டு செய்துகொண்டான். அது கட்சிப் பாட்டு. பள்ளியில் தினமும் காலையில் பாடுவது. அதிபர்தான் மழை, அதிபர்தான் விதை என்று வரும். நானும் கைதட்டினேன். பன்னிரண்டு வருடமாக அந்தப் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறேன், போடிக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை.

4

இப்போது அங்கே நடந்த தேர்தலைச் சொல்கிறேன். நடந்து எட்டு மாதமாகிறது.

ஒரே கட்சி. ஒரே பேர். அறைக்குள் இரண்டு பெட்டி. ஆமாம் பெட்டி வாசல் பக்கத்திலேயே இருக்கும், சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். இல்லை பெட்டி அறையின் அந்தக் கோடியில் இருக்கும். அதற்குப் போக வேண்டுமானால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரைத் தாண்டிப் போக வேண்டும். அவர்கள் தடுக்க மாட்டார்கள். உங்களைப் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ரகசிய வாக்கெடுப்பு என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். அப்புறம் எதற்குத் தேர்தல் என்று கணேசன் கேட்பான். யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் மாப்ளே. வேறு எதற்கும் இல்லை.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் செயலாளர் எஸ்டேட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். எல்லாத் தொழிலாளர்களையும் லாரியில் ஏற்றிப் பத்து மணிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். எழுந்து போகும்போது, “உங்கள் பெர்மிட் என் மேசைமேல்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்றார்.

அன்று சாயங்காலம் எலியா என்னிடம் வந்தார். எங்கள் ஸ்டோரில் நெருப்புப் பார்ப்பவர் அவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டியே சூட்டைச் சொல்லிவிடுவார், தெர்மாமீட்டர் பிறகுதான் ஒத்துக்கொள்ளும். போன தேர்தலுக்குப் பிறகு அவருடைய தம்பியை, பள்ளி வாத்தியாரை, ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே என்று கேட்கவும் வழியில்லை.

“சார், அன்று காய் உலர்ந்துகொண்டிருக்கும். நெருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

அவர் எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்பது அவருக்கும் புரிந்தது. வெள்ளிக்கிழமை லோடு போக வேண்டியிருந்தது. அவர் இருந்தால் காய் கெடாது. “இருங்கள். இது என் உத்தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அந்த வார்த்தையை நானேதான் சொன்னேன். அவர் கேட்டு வாங்கவில்லை.

5

நம் மலையில் தேர்தல் நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கீழே ஊரிலும் ஓர் ஓட்டு, மேலே எஸ்டேட்டிலும் ஓர் ஓட்டு வைத்திருந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு கட்சி ஜீப்பில் இறங்கி, இன்னொரு கட்சி ஜீப்பில் ஏறி, இரண்டு இடத்திலும் பிரியாணி சாப்பிட்டு, ஓட்டை மூன்றாவது ஆளுக்குக் குத்திவிட்டு வந்த பெண்கள் எங்கள் எஸ்டேட்டில் இருந்தார்கள். கேட்டால், “அந்தப் பெட்டிக்குள்ள ஒங்களுக்கு என்னண்ணே சோலி?” என்பார்கள். எவனும் அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. கணேசா, உனக்குச் சத்தமாகத் தெரிவது இதுதான்.

அந்தத் தேர்தல் நாளிலும் நான் பேர் கூப்பிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றுவேன். ஏறினவருக்கு டிக்கு. ஏறாதவருக்குப் பெருக்கல் குறி, அவருக்காக வண்டி காத்திருக்க வேண்டாம் என்பதற்கு. திரும்பி வரும்போதும் அதே நோட்டு. மஞ்சுப் பனிமூட்டம் இறங்கிவிட்டால் யார் ஏறினார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று தெரியாது. ஒரு தடவை ஒரு பெண்ணை விட்டுவிட்டு வந்துவிட்டோம், அவள் காட்டுமாடு நிற்கும் பாதையில் தனியாக நடந்து வந்தாள். அதற்குப் பிறகு பேர் கூப்பிடாமல் வண்டியை அனுப்ப என்னால் முடியாது. ஆட்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பழகிய பழக்கம் அது.

அங்கே தேர்தல் காலையிலும் லாரிப் பக்கத்தில் நோட்டோடு நின்றேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகவே நோட்டை எடுத்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்றுப் பதினொரு டிக்கு. எலியாவுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி.

மத்தியானம் வாக்குச்சாவடி வாசலில் செயலாளர் என்னைப் பார்த்து, “எல்லாரும் வந்துவிட்டார்களா?” என்று கேட்டார். வந்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கப் போயிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை நீட்டினேன். என் நோட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவர் பார்க்கட்டும் என்ற பெருமை. அதுதான் உண்மை. பயத்தில் நீட்டினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நீட்டியது பெருமையில்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். “மிக ஒழுங்கான பட்டியல்” என்றார். பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரே ஒரு பேரை எழுதிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலியா உத்தரவில்லாமல் ஸ்டோரில் இருக்கவில்லை, நான்தான் இருக்கச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். செயலாளர் என்னைப் பார்த்தார். “பெர்மிட்டை இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன்” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரண்டு பேர் ஸ்டோருக்கு வந்தார்கள். நான் எடை மேசையில் இருந்தேன். எலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எதிர்க்கவில்லை. அவர்களோடு போகிறபோது என்னைப் பார்த்து, “சார், நாலு மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும். சூட்டை ஏறவிடாதீர்கள்” என்றார். திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அது என் உத்தரவு என்று அந்த இரண்டு பேரிடமும் நான் சொல்லுவேன் என்று ஒரு நொடி எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் நாலு மணிக்குத் தட்டு மாற்றினேன்.

6

ஒரு வாரம் கழித்து எலியாவின் மனைவி செரா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. ஒரு கடிதம் கேட்டாள். தேர்தல் அன்று வேலைக்காக மேனேஜர்தான் அவரை ஸ்டோரில் நிறுத்தி வைத்தார் என்று கம்பெனி முத்திரையோடு ஒரு காகிதம் இருந்தால் விட்டுவிடுவார்களாம். செயலாளர் ஆபீசில் இருக்கும் ஓர் ஆள் சொல்லியிருக்கிறான்.

“பெர்மிட் கையில் வரட்டும், எழுதித் தருகிறேன்” என்றேன்.

பெர்மிட் வந்தது. செரா மறுபடி வந்தாள். மகளுக்குப் பரீட்சை, முடியட்டும் என்றேன். முடிந்தது. லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்றேன். மூன்று தடவையும் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, “ஒரு பேப்பர எழுதிக் குடுக்க ஒங்களுக்கு என்ன கேடு?” என்று கேட்டாள். நான் கத்தினேன். பிள்ளையின் படிப்பு, பெர்மிட், கம்பெனி என்று வரிசையாகக் கத்தினேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்தப் பேச்சே எங்களுக்குள் நின்றுவிட்டது.

எலியாவின் மகள் கிரேஸ் யாழினியோடு ஒரே வகுப்பு. எலியாவைக் கொண்டுபோன மறுவாரமே கிரேசைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். யாழினி தானாகவே எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து புகார் வந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன். யாழினி பக்கம் நிற்காமல் புகார் சொன்னவர்கள் பக்கம் போய் நின்றேன்.

7

நேற்று மத்தியானம் போடி வீட்டு மாடியில் இதை எழுதிக்கொண்டிருந்தேன். யாழினி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா என்னப்பா எழுதுறீங்க?”

“எலியாவைப் பத்தி.”

“லெட்டரா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். “ஆமா” என்று சொன்னேன். வாய்க்குப் பழகின வார்த்தையாயிற்றே. அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் முகம் அப்படி மலர்ந்தது. என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எட்டு மாதம் ஆகிறது. கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் செல்லோடு திரும்பி வந்தாள்.

“கிரேஸ்கிட்டச் சொல்லிட்டேன்ப்பா. அவங்கம்மா அழுதாங்களாம். எலியா அங்கிள வேற கேம்ப்புக்கு மாத்தப் போறாங்களாம், ரொம்ப தூரமாம். நாளைக்குக் காலையிலயே போய், மேனேஜர் லெட்டர் வருது, மாத்தாதீங்கன்னு செகரட்டரிகிட்டச் சொல்லப் போறாங்க.”

செரா போய்ச் செயலாளர் முன்னால் நின்று என் பேரைச் சொல்லப்போகிறாள். கடிதம் போனாலும் என் பேர் அங்கே போய்விடும், போகாவிட்டாலும் போய்விடும். போகாவிட்டால் அவள் பொய்க்காரி ஆவாள். என் மகளும் பொய்க்காரி ஆவாள்.

பெட்டியைத் திறந்தேன். முத்திரை குத்திய கம்பெனிக் காகிதம் ஒன்றை அங்கிருந்தே கொண்டுவந்திருந்தேன். லீவு முழுக்க அது என் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். தேர்தல் நாளன்று எலியா ஸ்டோரில் இருந்தது என் உத்தரவால். அவராக விலகி நிற்கவில்லை. இதற்கு நானே முழுப் பொறுப்பு. கீழே கையெழுத்துப் போட்டேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளையிடம் அகப்பட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

யாழினி வாங்கிப் படித்தாள். ஒரு தடவை படித்து முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு மேசைமேல் கிடந்த இந்தக் காகிதக் கட்டைப் பார்த்தாள்.

“அப்ப இதெல்லாம் என்னப்பா?”

“இது நம்ம ஊர்ல படிக்கிறவங்களுக்கு.”

“எலியா அங்கிளுக்கு மூணு லைன். இவங்களுக்கு இவ்வளவா?”

அவள் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக் கிரேசுக்கு அனுப்பினாள்.

வியாழக்கிழமை எங்கள் மூவருக்கும் விமானம். அங்கே இறங்கும்போது வாசலில் எங்களுக்காக யார் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.